வாயால் சொன்னது

திண்டிவனம்
18.1.1995

அன்புள்ள சித்ராவுக்கு,

நானும் தேவயானியும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அப்படி இருக்கிறாயா என்பதை உன் கடிதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு பக்கம் எழுதுகிறாய். அதில் ஐந்தரைப் பக்கம் எங்களை விசாரிப்பது. மீதி அரைப் பக்கத்தில் மஸ்கட்டில் குளிர் என்று ஒரு வரி. அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள். பெட்டியில் பூட்டி வைக்க அதை வாங்கவில்லை.

பொங்கல் நல்லபடி முடிந்தது. நீ இல்லாத நாலாவது பொங்கல். அக்கா கோலியனூருக்குப் போய், குத்தகைக்கு விட்டிருக்கும் தன் நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புது அரிசியும் வறுத்துத் தின்ன ஒரு மூட்டை மல்லாட்டையும் கொண்டுவந்தாள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. குத்தகைக்காரன் வரப்பை ஒழுங்காக வெட்டவில்லையாம். தன் மண்ணை விட்டுவிட்டு நாலு வருஷமாக நம் வீட்டில் சமைத்துப் போட்டு, நம் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கிறாள், பாவம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வரப்பைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

இனி முக்கியமான சேதி. கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

என்னை சிஸ்டம்ஸ் பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள். முழுசாக இல்லை. மார்ச் 31 வரை பயிற்சி, அதன்பிறகு மேனேஜர் சீனுவாசன் சரி என்றால் நிரந்தரம். பதினோரு ஆபரேட்டர்களில் ஒருவனைத்தான் எடுப்போம் என்றார்கள், அது நான். இதுவரை இன்ஜினீயரிங் படித்தவர்களை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேச்சுவழக்கில் சொன்னால், கூலியாளை முதல்முறையாக வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதினேழு வருஷமாக நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மெட்ராஸ் ஆபீசில் ஒரு கூடம் நிறைய நிற்கிறதே எங்கள் மெயின்பிரேம் கம்ப்யூட்டர், அது டேப்பை மாட்டு என்றால் மாட்டினேன். பேப்பர் தீர்ந்தது என்றால் போட்டேன். கன்சோல் திரையில் கேள்வி கேட்டால் புத்தகத்தைப் பார்த்துப் பதில் அடித்தேன். ஏன் கேட்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சிஸ்டம்ஸ் புரோகிராமருக்கு அதுதான் வேலை. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு அதைத் திருத்துவது. உன் ஆஸ்பத்திரிக் கணக்கில், இதுவரை நான் நர்ஸ், இனி டாக்டர். கோபித்துக்கொள்ளாதே.

அக்காவிடம் சொன்னபோது, “பொட்டிய வெளியில நின்னு பாத்துக்கினு இருந்தவன், இனிமே உள்ள பாக்கப் போறியா? சம்பளம் ஒசருமா, அதச் சொல்லு” என்றாள். உயரும் என்றேன். “அப்ப சித்ரா வந்துடுவா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரிசி களைகிற சத்தம் கொஞ்ச நேரம் வரவில்லை.

மீனம்பாக்கத்தில் உன்னை விமானம் ஏற்றிய அன்று நாம் பேசிக்கொண்டது இதுதானே. இந்த ஆபரேட்டர் சம்பளத்தில் குடித்தனம் நடக்காது, நான் சிஸ்டம்ஸுக்குப் போகிற வருஷம் நீ திரும்பிவிடுவது என்று. மே மாதம் உன் இரண்டாவது ஒப்பந்தம் முடிகிறது. மூன்றாவதற்குக் கையெழுத்துப் போடவேண்டி வராது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். தேவயானியிடம் இன்னும் சொல்லவில்லை.

வளவனூர் மாரியப்பனை உனக்கு நினைவிருக்கும். தேவயானி காதுகுத்துக்கு வந்து மூன்று தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், பதினோரு வருஷமாக என் ஷிப்ட் முடிந்தால் அவன் ஷிப்ட். அவன் பெயரும் கடைசிவரை பட்டியலில் இருந்தது. ரயில் தாமதத்துக்காக வாங்கிய இரண்டு மெமோ அவனைக் கவிழ்த்துவிட்டது. என் இடத்தில் வேறு ஒருவன் இருந்திருந்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அவனோ எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, “ஆபரேட்டருங்கள்ல ஒருத்தனாவது கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட போறியேடா” என்றான்.

அந்தாண்ட போனால் எனக்குக் கிடைக்காமல் போவது அவனோடு குடிக்கிற டீ. ஷிப்ட் மாறும்போது பாய் கடையில் நின்று, இன்றைக்கு எந்த வேலை பாதியில் நிற்கிறது, எந்த டேப் சிக்குகிறது, எந்தக் கேள்விக்கு என்ன பதில் போடவேண்டும் என்று வாயாலேயே சொல்லிவிட்டுப் போவோம். பதிவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதை ஆடிட் வந்தால் பார்ப்பார்கள். நாங்கள் நம்புவது டீக்கடையில் சொல்வதைத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் டியூட்டி முடித்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

இப்படிக்கு,
விருத்தாசலம்


திண்டிவனம்
19.2.1995

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நர்ஸ், டாக்டர் என்று எழுதியதற்கு இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய். வாங்கிக்கொண்டேன். டாக்டர் வார்டுக்கு வருவது கால் மணி நேரம், மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் நோயாளி யார் கையில் இருக்கிறான் என்று கேட்டிருந்தாய். சரிதான். தலை குனிந்து ஒத்துக்கொள்கிறேன்.

டீக்கடைச் சமாசாரத்துக்கு நீ எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தேன். “எங்க வார்டுல வாயால சொன்ன மருந்தக் குடுக்க மாட்டோம்ங்க. பெரிய டாக்டரே சொன்னாலும் எழுதி, தேதி நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டாத்தான். சொன்னவரு மறந்துடுவாரு, செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டான்” என்று எழுதியிருக்கிறாய். நீ கண்டிப்பானவள் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. மெஷின் சாகாதடி என்று பதில் எழுத நினைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

பகல் வேலை என்று ஆசைப்பட்டேனே, அதைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் ஐந்தே முக்கால் பாசஞ்சரைப் பிடித்தால் மெட்ராஸ் போய்ச் சேர ஒன்பதாகிறது. திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது தேவயானி சாப்பிட்டுப் படுத்திருப்பாள். ஷிப்டில் இருந்தபோதாவது இரண்டு நாள் போனால் ஒரு நாள் முழுசாக வீட்டில் இருப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

படிப்பு நடக்கிறது. நாற்பத்திரண்டு வயசில் படிப்பது என்றால் என்னவென்று சிஸ்டம்ஸ் பிரிவுப் பையன்களுக்குத் தெரியாது. காலையில் ரயிலில் படித்தது மதியம் சாப்பிட்டதும் போய்விடுகிறது. மெஷின் திடீரென்று விழுந்தால், விழுந்த நேரத்தில் அதன் மனசில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் காகிதத்தில் கொட்டிவிடும். டம்ப் என்பார்கள். ஐந்நூறு பக்கம், அறுநூறு பக்கம், எண்ணும் எழுத்துமாக. அதைப் பார்த்து எந்த இடத்தில் தடுக்கியது என்று சொல்லவேண்டும். உனக்கு அந்தக் காகிதம் தெரியும். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலத் தாள். குப்பைக்குப் போகிறது என்று நான் கட்டுக்கட்டாக வீட்டுக்குத் தூக்கி வந்து, தேவயானி அதன் பின்பக்கத்தில்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாள்.

போன ஞாயிறு அவள் பழைய தாள் ஒன்றைத் திருப்பி, முன்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது. அன்றைக்கு நான்தான் டியூட்டி. ஏன் விழுந்தது என்று அன்று எனக்குத் தெரியாது, மேலே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். இப்போது ஒரு மணி நேரம் முட்டி, இதோ இந்த இடம் என்று விரல் வைத்தேன். சித்ரா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவயானி, “என்னப்பா, என் கணக்கு அவ்ளோ மோசமா” என்று கேட்டாள்.

ஒப்பந்தப் பேப்பரை ஏப்ரல் 30க்குள் கொடுத்தாகவேண்டும், உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மார்ச் கடைசியில் தெரிந்துவிடும். சீனுவாசன் கடுமையான ஆள், ஆனால் நேற்று என்னைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார். அவர் தலையாட்டி நான் பதினேழு வருஷத்தில் பார்த்ததில்லை.

தேவயானியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. காலண்டரில் மே மாதத் தாளை முன்னாலேயே மடித்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
விருத்தாசலம்


திண்டிவனம்
20.3.1995

அன்புள்ள சித்ராவுக்கு,

எல்லோரும் நலம். உன்னுடைய இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடத் தாமதம், வேலை அதிகம்.

தேவயானிக்குப் பரீட்சை நெருங்குகிறது. கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம், அக்கா நேர்ந்துகொண்டிருந்தாளாம். என்ன நேர்ச்சை என்று கேட்டால் சொல்லவில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

ஆபீசில் ஒன்றும் விசேஷம் இல்லை. மாரியப்பனுக்குத்தான் கொஞ்சம் பேஜாரு. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் ஏதோ தவறு, விசாரணை என்கிறார்கள். சரியாகிவிடும்.

என் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். அதுவரை பேப்பரைக் கையில் வைத்துக்கொள்.

விருத்தாசலம்


திண்டிவனம்
12.4.1995

அன்புள்ள சித்ராவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வளவனூர் ராஜாமணி சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போனால் 30ஆம் தேதிக்குள் உன்னிடம் வரும் என்று நம்பிக்கை இல்லை. அவர் மனுஷர் நல்லவர், ஆனால் என்ன விஷயம் என்று துருவுவார். மாங்காய் ஊறுகாய் பக்குவம் என்று சொல்லிவிடு.

போன மாதம் 20ஆம் தேதி நான் எழுதிய கடிதம் பொய். ஒன்றும் விசேஷம் இல்லை என்று எழுதினேன். விசேஷம் மலைபோல இருந்தது. இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மெஷினை நிறுத்தி மறுபடி எழுப்புவார்கள். எழும்போது கன்சோலில் ஒரு கேள்வி கேட்கும், எந்த டிஸ்க் எதற்கு என்று சொல்கிற பட்டியல்களில் எதை வைத்துக்கொண்டு எழட்டும் என்று. 00 என்று பதில் அடிக்கவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. 01 என்று இன்னொரு பட்டியல் உண்டு. அது எங்களைப் போலப் பயிற்சியில் இருப்பவர்கள் எழுதிப் பழகுவதற்கு. எழுதலாம், ஓட்டக் கூடாது. ஓட்டவேண்டுமானால் ஒரு தாளில் எழுதி, சீனுவாசன் கையெழுத்து வாங்கவேண்டும்.

மாதத்தில் பத்தாம் தேதி வாக்கில் பில் போடும்போது மெஷின் திணறும். ஆபரேட்டராக இருந்தபோது பார்த்துச் சலித்தது அது. வேலை செய்ய இடம் போதவில்லை, தற்காலிக வேலைக்கு இன்னொரு டிஸ்க்கைக் கொடுத்தால் சரியாகும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தது. 01 பட்டியலில் அந்த டிஸ்க்கின் பெயரைச் சேர்த்தேன். சீனுவாசன் ஞாயிறுவரை லீவு. அவர் வரும்போது, சார், மெஷின் இப்போது திணறுவதில்லை, பாருங்கள் என்று சொல்லவேண்டும் என்று ஆசை. மாதக் கடைசியில் முடிவு. உன் முகம், தேவயானி மடித்து வைத்த காலண்டர். ஆசைதான், வேறு என்ன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் கடையில் டீ குடிக்கும்போது மாரியப்பனிடம் சொன்னேன். ஞாயிறு காலை உன் டியூட்டிதானே, கேட்டால் 00 போடாதே, 01 போடு என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சீனுவாசன் கையெழுத்து எங்கே என்று கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் நான் டீக்கடையில் சொல்லி ஒன்று தவறியதில்லை. சரிடா என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தான்.

அந்த டிஸ்க் சுவரிலிருந்து மூன்றாவது. ஆபரேட்டர் கண்ணுக்கு அது எப்போதும் காலி டிஸ்க். நான் பயிற்சிக்கு உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, பிப்ரவரியில், அதில் வாடிக்கையாளர் கணக்கில் பாதியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஒரு கட்டளை அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் மனசில் இருந்ததை எழுதினேன். ஞாயிறு காலை மெஷின் எழுந்தது. எழுந்ததும் தற்காலிக டிஸ்க்குகளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்வது வாரா வாரம் நடக்கிற வேலை. இதையும் துடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து எடுத்து மறுபடி வைக்கச் செவ்வாய் சாயங்காலம் ஆயிற்று. சனிக்கிழமை பதிந்தது போனது போனதுதான். பதிவுப் பெண்கள் எட்டுப் பேர் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

திங்கட்கிழமை சீனுவாசன் கன்சோல் காகிதத்தை விரித்துப் பார்த்தார். 01 என்று மாரியப்பன் அடித்தது அச்சில் இருந்தது. 01இல் நான் எழுதியதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, எழுதிப் பழகத்தானே அது. ஓட்டச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், சித்ரா. மாரியப்பன் என்னைப் பார்க்கவேயில்லை. “கை தவறி அடிச்சிட்டேன் சார்” என்றான்.

நான் பேசவில்லை.

மூன்றாவது மெமோ என்றால் வேலை போகும். விசாரணைக்கு 27ஆம் தேதி குறித்தார்கள். நடுவில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அக்கா, “படிக்கிறேன் படிக்கிறேன்னு மூஞ்சி சுண்டிப் போச்சே” என்று கேப்பைக் களி கிண்டிப் போட்டாள்.

26ஆம் தேதி ஞாயிறு வளவனூருக்குப் போனேன். மாரியப்பன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றுகொண்டே, நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மண்வெட்டியை நிறுத்தாமலேயே பேசினான். “இன்னாத்துக்குடா? எனக்குக் கரும்பு இருக்குது, ஒரு மாடு இருக்குது, எப்படியோ ஓடும். நீ வாயத் தொறந்தின்னா தங்கச்சி இன்னும் ரெண்டு வருஷம் அங்கியே கெடக்கணும். பொண்ணு பெரியவளாயிடுச்சி, ஆத்தா பக்கத்துல இருக்க வேணாமா? போ, ஜல்தி போய் பஸ்ஸப் புடி” என்றான்.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன்தானே சொன்னான், நான் கேட்கவில்லையே என்று மனசு கணக்குப் போட்டது. விழுப்புரம் வரை அப்படித்தான் இருந்தேன். அங்கே திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சில்லறை எடுக்கப் பையைத் திறந்தேன். உன் பழைய கடிதம் இருந்தது. வாயால் சொன்ன மருந்து, செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான் என்று நீ எழுதினாயே, அது. மெஷின் சாகாதடி என்று நான் இளக்காரமாகப் பதில் எழுதினேனே, அதுவும் நினைவுக்கு வந்தது. மெஷின் சாகவில்லைதான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு சீனுவாசன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “மூணு மாசம் உள்ள உக்காந்தும் நீங்க ஆபரேட்டராவேதான் இருந்திருக்கீங்க, விருத்தாசலம்” என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, எழுதிக் கொடுங்கள் என்றார். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 1 முதல் பழையபடி ஷிப்ட். இனி அந்தப் பிரிவுக்கு என் பெயரை எடுக்க மாட்டார்கள், அதையும் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். மாரியப்பனை மெமோ இல்லாமல் விட்டுவிட்டார்கள். அவனுக்கு என்மேல் கோபம். ஒரு வாரம் பேசவில்லை. போன சனிக்கிழமை முதல்முறையாக அவனிடம் டியூட்டியை ஒப்படைத்தேன். டீக்கடைக்குப் போகலாமா என்றேன். பதிவுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டு, “எழுதிக் குட்றா” என்றான். எழுதிக் கொடுத்தேன். வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் டீக்கு வந்தான்.

இப்போது நம் விஷயம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பூத்திலிருந்து உனக்குப் போன் செய்தேனே. இதையெல்லாம் சொல்லத்தான் வந்தேன். மூன்று நிமிஷத்தில் எங்கே ஆரம்பிப்பது? நீ எடுத்ததும், “என்னங்க முடிவாச்சு, பேப்பர்ல கையெழுத்துப் போடவா வேணாமா” என்று கேட்டுவிட்டாய். நான் போட்டுவிடு என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. நான்தான் போனை வைத்தேன். லைன் கட்டாகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற தேவயானியிடம் லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன். அவள் வீட்டுக்கு வந்து காலண்டர் மடிப்பைப் பிரித்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமலேயே பிரித்துவிட்டாள்.

மூன்று நாளாக யோசிக்கிறேன். ஆபரேட்டர் சம்பளத்தில் நீ இல்லாமல்தான் ஓட்ட முடியும், நீ வந்தால் ஓட்ட முடியாது என்று நாலு வருஷமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அது நான் டாக்டர் ஆவதற்காகப் போட்ட கணக்கு. டாக்டர் ஆகவில்லை, ஆகவும் மாட்டேன். இன்னும் இரண்டு வருஷம் எதற்காகக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிகள் வந்துகொண்டிருக்கின்றன, நர்ஸ் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று கேள்வி. அங்கே வாங்குவதில் கால்வாசிகூடத் தர மாட்டார்கள். தெரியும். நீ அனுப்பிய பணத்தில் மாடிக்கு எழுப்பிய சுவர் பாதியில் அப்படியே நிற்கட்டும். அக்கா தன் வரப்பைப் பார்க்கப் போகட்டும். எனக்கு அலுத்துவிட்டது சித்ரா, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து, உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது. ஒரு வார்த்தை கேட்டாய். பயந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அதனால் போனில் நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதே. வாயால் சொன்ன மருந்தைக் கொடுக்க மாட்டோம் என்று நீதானே எழுதினாய். நீ கேட்கிறபடியே எழுதித் தருகிறேன். முடிவு உன்னுடையது, இது உத்தரவு இல்லை. ஆனால் என் வார்த்தை இதுதான்:

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

தேதி 12.4.1995
நேரம் காலை 11.10

விருத்தாசலம்
ஆபரேட்டர்